கணிதம் பயிலும் பிள்ளைகளைக் கைவிடலாமா?

(நமது ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டு நமது கல்வி உதவி நிதிக்கு வந்த விண்ணப்பங்களை நாம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பொறியியல், நர்சிங், வணிகவியல் எனப் பல படிப்புகள் இருந்தன. அவற்றுக்கிடையே இரண்டு விண்ணப்பங்களில் மட்டும் 'பி.எஸ்சி. கணிதம்' என்று எழுதப்பட்டிருந்தது. ஒன்று ஒரு மாணவருடையது. மற்றொன்று ஒரு மாணவியுடையது. கமிட்டி உறுப்பினர் ஒருவர், "ஹஜ்ரத், வெறும் கணக்கைப் படித்து இந்தப் பிள்ளைகள் என்ன ஆகப் போகிறார்கள்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்லவும், நாம் முன்பு செய்த தவறு ஒன்றை ஜமாஅத்தார் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவுமே இன்று எழுந்து நிற்கிறோம்.

மதரஸாவில் ஓதிய கணக்கு

நாம் கல்லூரியில் பயின்றதில்லை. ஆயினும் மதரஸாவில் கணக்கு ஓதியிருக்கிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்கள் வாரிசுகளின் பங்குகளைப் பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று எனப் பின்னங்களாகவே நிர்ணயிக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் முறையை 'ஸிராஜீ' என்னும் கிதாபில் உஸ்தாதுமார்கள் நமக்குக் கற்பித்தார்கள்.

ஓர் உதாரணம் கூறுகிறோம். ஒருவர் தம் மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு இறக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக வைத்தால் 3, 16, 4, 4 என வரும். கூட்டிப் பாருங்கள்: 27! இருப்பதோ 24 பங்கு. எனவே சொத்தையே 27 பங்காக்கி, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கொடுக்கிறோம். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். மனைவியின் எட்டில் ஒன்று இங்கே ஒன்பதில் ஒன்றாகி விடுகிறது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை பகர்ந்தார்கள் என்று கூறப்படுவதால் இதனை 'மிம்பரிய்யா' என்றே உலமாக்கள் அழைப்பர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ அவர்கள் 'அல்ஜப்ர்' பற்றி எழுதிய நூலின் பெரும்பகுதி, வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் சார்ந்த கணக்குகளே. இன்று உலகம் முழுதும் 'அல்ஜீப்ரா' என்று படிக்கப்படும் இயற்கணிதத்திற்கு அந்நூலின் பெயரே பெயராயிற்று. நம் இந்திய எண்முறையை விளக்கியும் அவர் தனி நூல் எழுதினார். ஆகவே கணக்கு நமக்கு அந்நியமான கல்வி அன்று.

நாம் செய்த தவறு

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், நம் பகுதியில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடும் ஒரு தந்தை, தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையன் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். கல்லூரியில் இரண்டு தாள்களில் அரியர். 'அரியர் வைத்தால் உதவித்தொகை நிறுத்தப்படும்' என்பது நம் நிதியின் விதி. நிறுத்திவிட்டோம். அத்துடன் நில்லாமல், "தம்பி, உனக்குக் கணக்கு வரவில்லை. துபாய்க்குப் போய்ப் பிழைத்துக்கொள்" என்று ஆலோசனையும் கூறினோம். அவனும் போனான்.

அண்மையில் அவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, உறவினர் வீட்டுச் சொத்தைப் பங்கிட நாம் சென்றிருந்தோம். பங்குகளை நாம் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "ஹஜ்ரத், இந்தப் பின்னங்களைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டிப் போகிறதே" என்றார். அவ்லைப் பற்றி நாம் வாய் திறக்கும் முன்பே கண்டுகொண்டார். அது மட்டுமன்று. 6, 12, 24 ஆகிய மூன்று மூல எண்களில்தான் அவ்ல் ஏற்படும். 6 என்பது 7, 8, 9, 10 வரை உயரும். 12 என்பது 13, 15, 17 ஆகும். 24 என்பது 27 மட்டுமே ஆகும் என்று நாம் கிதாபில் உள்ளதைச் சொன்னோம். உடனே அவர், "ஏன் ஹஜ்ரத் இந்த எண்கள் மட்டும்? 12 ஏன் 14 ஆவதில்லை?" என்று கேட்டார்.

இருபதாண்டுகளுக்கு மேலாக அப்பட்டியலை மனனமாகச் சொல்லி வருகிறோம். 'ஏன்?' என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 'கணக்கு வரவில்லை' என்று நாம் திருப்பி அனுப்பிய பிள்ளையோ முதல் கேள்வியாக அதனையே கேட்டது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

முதலாண்டில் ஏன் தடுமாறுகிறார்கள்?

பிறகு கணிதம் போதிக்கும் பேராசிரியர் ஒருவரிடம் இதனை விசாரித்தோம். அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறோம். பள்ளியில் 'விடை என்ன?' என்று கேட்பார்கள். கல்லூரியிலோ 'அது எப்போதும் உண்மை என்பதற்கு நிரூபணம் என்ன?' என்று கேட்பார்கள்.

ஒற்றைப்படை எண்களைக் கூட்டுங்கள். 1, 1+3 என்றால் 4, 1+3+5 என்றால் 9, 1+3+5+7 என்றால் 16. எல்லாம் வர்க்க எண்கள். நூறு முறை சரிபார்த்தாலும் நூற்றொன்றாம் முறை தவறாதா என்னும் ஐயம் நீங்காது. இப்போது புளியங்கொட்டைகளை எடுத்து மூன்றுக்கு மூன்றாகச் சதுரமாக அடுக்குங்கள். அதை நான்குக்கு நான்காக ஆக்க என்ன செய்ய வேண்டும்? வலப்பக்கம் மூன்று, கீழே மூன்று, மூலையில் ஒன்று, ஆக ஏழு. எந்தச் சதுரமாயினும் அப்படியே: பக்கத்தின் இரு மடங்கும் மேலே ஒன்றும். அது எப்போதும் அடுத்த ஒற்றைப்படை எண்தான். இனி எத்தனை முறை கூட்டினாலும் தவறாது. இதுவே நிரூபணம்.

பன்னிரண்டு ஆண்டுகள் விடை எழுதிப் பழகிய பிள்ளை, திடீரென்று நிரூபணம் எழுது என்றால் திகைக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளின் கையில் ஆங்கிலப் பாடநூல். குலம், வளையம் என்று அன்றாடச் சொற்களையே வைத்துக்கொண்டு முற்றிலும் வேறு பொருள் கூறும் நவீன இயற்கணிதம் ஒருபுறம். 'எல்லையை நெருங்குதல்' என்றால் துல்லியமாக என்ன என்று கேட்கும் மெய்ப் பகுப்பாய்வு மறுபுறம். வரையறையை மனனம் செய்தவன் தேர்வறையில் விழிக்கிறான். அதை உடைத்துப் பார்க்கக் கற்றவன் மெல்ல மெல்ல எழுந்துவிடுகிறான். ஆதலால் முதலாண்டுத் தடுமாற்றம் அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்கு மாறும்போது ஏற்படும் இடறல்.

கும்பகோணத்து மாணவர்

நம் அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து சென்றால் கும்பகோணம். 1887இல் ஈரோட்டில் பிறந்து அவ்வூரில் வளர்ந்தவர் ஸ்ரீநிவாச இராமானுஜன். 1904இல் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, 1907இல் மீண்டும் தோல்வி. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றி மேலே செல்ல இயலாத காலம் அது. பட்டப்படிப்பின் வாசற்படியிலேயே அவர் நின்றுவிட்டார்.

அவரைத் தாங்கியவர் யார்? நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ், அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து, மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916இல் அங்கு ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் வழங்கினார்கள். 1918இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். 1920இல், 32ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த டிசம்பர் 22ஐ 2012 முதல் நாடு தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது.

நம் பிள்ளைகள் எல்லோரும் இராமானுஜன் ஆகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் கல்லூரி விதி பறித்ததை ஒரு தனி மனிதரின் 25 ரூபாய் மீட்டது என்பதைச் சிந்தியுங்கள். இன்று செமஸ்டர் முறையில் தவறிய தாளை அடுத்த முறை எழுதித் தேறலாம். பல்கலைக்கழகமே மறுவாய்ப்பு அளிக்கும்போது, ஜமாஅத் நிதி கதவை மூடுவது முறைதானா?

படித்து என்ன ஆவார்கள்?

கிப்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால், பெரம்பலூரிலிருந்து மக்கா மேற்கிலிருந்து சுமார் 15 பாகை வடக்கே தெரியும். பூமி உருண்டை என்பதைக் கணக்கிற் கொண்டால் அது சுமார் 20 பாகை. அந்த வித்தியாசத்தைச் சொல்வது கோள முக்கோணவியல். இத்தகைய கணக்கிற்காகவே பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி அவர்கள் கஸ்னீ நகரின் கிப்லாவைக் கண்டறியும் நூல் எழுதினார்கள்.

பிழைப்பைக் கேட்கிறீர்களா? பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் பணி. போட்டித் தேர்வுகள், வங்கி, காப்பீடு, புள்ளியியல் ஆகியவற்றில் கணிதப் பட்டதாரிக்கு இடமுண்டு. இன்று பேசப்படும் செயற்கை நுண்ணறிவு, அணிகள், நிகழ்தகவு ஆகியவற்றின் மேல் நிற்கிறது. 'ஜாம்' தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். சென்னை சிறுசேரியிலுள்ள கணிதவியல் கழகமும் உண்டு. தொலைவு செல்ல இயலாதோருக்கு அரியலூரிலும், பெரம்பலூரை அடுத்த குரும்பலூரிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. திருச்சியில் 1951இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது.

நமது வேண்டுகோள்

கமிட்டிப் பெருமக்களே! மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: அரியருக்காக உதவித்தொகையை நிறுத்தும் விதியை நீக்குங்கள். சேர்ந்த பிள்ளைக்கு மூன்றாண்டும் உதவி உண்டு என்று உறுதி கூறுங்கள். அரியர் வைத்த பிள்ளையை அழைத்து, என்ன இடையூறு என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டு: மதரஸா மாடி அறை மாலை நேரங்களில் பூட்டியே கிடக்கிறது. வாரம் இருநாள் அதனைத் திறந்து வைப்போம். மூத்த மாணவர்கள் இளையோருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒரு கரும்பலகை போதும்.

மூன்று: பெற்றோர்களே, 'எத்தனை மார்க்?' என்பதோடு, 'இன்று என்ன புரிந்தது?' என்றும் கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படிச் சொல்ல முயன்றாலே பிள்ளைக்குப் பாதி தெளிந்துவிடும்.

மாணவக் கண்மணிகளே! நிரூபணத்தைக் கண்ணால் படிக்காதீர்கள்; நூலை மூடிவிட்டுக் கையால் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அதுவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

துபாயிலிருந்து வந்த அந்தத் தம்பியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை ஹஜ்ரத், அடுத்து வருகிற பிள்ளையைப் போகச் சொல்லாதீர்கள்" என்றார். இவ்வாண்டு அவ்விரு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவரே ஏற்றிருக்கிறார். மீதியை ஏற்பது நம் ஜமாஅத்தின் பொறுப்பு.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களைத் தாங்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.