வடம் பிடித்த கைகள்

(தலைப்பு: ஒரு கலைக்குழு நிலைப்பது பெரிதும் தனிமனிதத் திறமையாலா? கூட்டு உழைப்பாலா? - 'கூட்டு உழைப்பே' அணியில் பேசியது)



எதிரணி நண்பர் கேட்டார்: "அறிவைத் தெரியும், இசைவாணியைத் தெரியும். பக்கத்துல நின்னு சட்டி அடிச்சவர் பேரு யாருக்காவது தெரியுமா?" நடுவர் அவர்களே, கல்யாண வீட்டுல சாம்பாரைப் பாராட்டறோம். உப்பை யாராவது பாராட்டியிருக்கோமா? இல்லாதபோதுதானே கேட்போம்! (சிரிப்பு)

சரி, அவர் சொன்ன குழுவையே எடுத்துக்குவோம். 2017-ல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கியது, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்ற தமிழர் என்று நூறு ஆண்டுகளுக்கும் முன்பே சொன்னவர் பண்டிதர் அயோத்திதாசர். அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா, ராப், பறை, சட்டி, கட்டமோளம், கிடார், டிரம்ஸ் என்று 19 பேர் கொண்ட குழு!

நான் மயிலாப்பூர்க்காரன். எங்க தெருவுல சாவு மோளம் கேட்டா, "ஜன்னலைச் சாத்துடா"ம்பாங்க பாட்டி. ஓடிப்போய்ச் சாத்தினவன் நான்தான். மார்கழியில சபா சபாவா ஏறி இறங்கிக் கச்சேரி கேட்ட காதும் இதே காதுதான்! அந்த மோளத்தை ஒருத்தர் தனியா அடிச்சிருந்தா மறுபடியும் சாத்தியிருப்பேன். 19 பேர் சேர்ந்து அடிச்சாங்க. சாத்த முடியலை ஐயா!

பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவை அந்த மேடையில் பாடினார் இசைவாணி. 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடினார். பிறகு தனக்கென்று ஒரு குழு அமைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, தனியாப் போய் ஜெயிச்சார்"ங்கறார் நண்பர். தனியாவே ஜெயிக்கலாம்னா, அவர் எதுக்கு இன்னொரு குழுவைச் சேர்க்கணும்? (கைதட்டல்)

எங்க ஊர்ப் பங்குனித் தேரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாடவீதியில் வடம் பிடித்தவர் அடுத்த வீதியில் மோர் குடிக்க ஒதுங்குவார். அங்கே வேறொருவர் பிடிப்பார். கை மாறும், தேர் நிலைக்கு வந்து சேரும். அந்த வடத்தைத் தொடவே கூடாது என்று சில கைகளைத் தடுத்த ஊர்களும் நம் நாட்டில் உண்டு. அப்படித் தள்ளிவைக்கப்பட்ட கைகள் கூடி இழுத்த தேர்தான் இந்தக் குழு. இன்றைக்கு யார் பிடித்தார், நாளைக்கு யார் விட்டார் என்பதா முக்கியம்? சாத்தின ஜன்னல் திறந்ததே, அது முக்கியம்.

திறந்தது ஒற்றைக் கை அல்ல என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என வேண்டி, விடைபெறுகிறேன்.