புடவைக் கடைக்குள்ள ஐசியு வைக்கலாமா?

ஓரிக்கையிலிருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா அது பக்கத்து வீடு. எடிட்ல எடுத்துடலாம்தான், ஆனா எடுக்க மனசு வரலை.

இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி எங்க ஊர்ப் பக்கம் கொஞ்ச நாளா சுத்திட்டிருக்கு. காலியாகிற பெரிய ஜவுளிக் கடை, கல்யாண மண்டபம், ஆபீஸ் கட்டடம் எல்லாத்தையும் ஆஸ்பத்திரியா மாத்திடலாமே, எதுக்கு புதுசா கட்டணும்? கேட்க நியாயமாத்தான் இருக்கு. காஞ்சிபுரத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கு, காரப்பேட்டையில் அண்ணா பேர்ல புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. ஆனாலும் கொஞ்சம் சிக்கலான கேஸ்னா செங்கல்பட்டு, இல்லைன்னா சென்னை. ஆம்புலன்ஸ்ல ஒரு மணி நேரம்கிறது சின்ன விஷயம் இல்லை. அதனால பக்கத்துலயே ஒரு கட்டடம் தயாரா நிக்குதுன்னா ஆசை வரத்தான் செய்யும்.

நான் சாஃப்ட்வேர் ஆள், கட்டடக் கலைஞர் இல்லை. ஆனா "பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடணுமா, மாத்தி எழுதணுமா"ங்கிற சண்டை எங்க வேலையில் தினமும் நடக்கும். அந்தப் பழக்கத்துல இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதல்ல நம்ம ஊர் உதாரணம்

தமிழ்நாட்டில் இதைப் பேசினா ஓமந்தூரார் தோட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. புதிய தலைமைச் செயலகம், சட்டமன்றம்னு கட்டினது. வடிவமைச்சது ஜெர்மனியைச் சேர்ந்த ஜிஎம்பி நிறுவனம். 2010 மார்ச் 13 அன்னைக்குப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வெச்சார். அப்போ மேல இருக்க வேண்டிய குவிமாடம் முடியலை. அதனால கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமா ஒரு செட் போட்டுக் கொடுத்தார். 2011-ல் ஆட்சி மாறுச்சு, தலைமைச் செயலகம் கோட்டைக்கே திரும்பிடுச்சு. அந்த ஆகஸ்ட்டில் முதல்வர் ஜெயலலிதா, இந்தக் கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆகும்னு அறிவிச்சார். கோர்ட், வழக்கு எல்லாம் தாண்டி 2014 பிப்ரவரி 21-ல் திறந்தாங்க.

அது சரியா தப்பாங்கிற அரசியலுக்கு நான் போகலை. அந்தச் சண்டை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயே இருக்கும். எனக்கு ஆர்வம் வேற இடத்துல. அமைச்சர் அறைக்கும் துறை அலுவலகத்துக்கும் வரைஞ்ச தளங்கள்ல இன்னைக்கு இதய ஆபரேஷன் நடக்குது. 2015-ல் அதே வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2020-ல் அது கோவிட் மருத்துவமனையா வேலை செஞ்சுச்சு. 2022-ல் ரோபோட்டிக் சர்ஜரி வந்தது. ஆக, மாத்த முடியுமா? முடியும்.

ஆனா ஒரு கணக்கு பாருங்க. அறிவிப்புலேருந்து திறப்பு வரைக்கும் இரண்டரை வருஷம். ஆரம்பத்துல சுமார் 400 படுக்கை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை 2023 ஜூன் 15-ல் திறந்தாங்களே, அது புதுசா கட்டினது. 1000 படுக்கை, சுமார் 15 மாசம். ஓமந்தூரார்ல வழக்குகளும் இருந்துச்சு, அதனால நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் "மாத்துறதுதான் சீக்கிரம்"னு நாம கண்ணை மூடிக்கிட்டு நம்புறது எப்பவும் உண்மையில்லை.

அப்போ ஏன் மாத்தணும்? ஊருக்கு நடுவுல அந்த அளவு இடம் இனிமே கிடைக்காது. அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒரு கட்டடத்தோட சிமென்ட்டும் கம்பியும் ஏற்கெனவே கார்பன் செலவு பண்ணி முடிச்சாச்சு, இடிச்சா அது மொத்தமும் வீண். மூணாவதா, சின்னதா ஆரம்பிக்கலாம். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சது ஒரு வாடகை வீட்டில், 11 படுக்கையோட. இடம் தயாராகட்டும்னு காத்திருந்தா அரவிந்த் வந்தே இருக்காது.

கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன வித்தியாசம்?

நிறைய பேர் முதல்ல கேக்கிறது "கட்டடம் வெயிட் தாங்குமா?"ன்னுதான். ஆச்சரியம் என்னன்னா, அது பெரும்பாலும் பிரச்சனையே இல்லை. ஐஎஸ் 875-ங்கிற இந்தியத் தரவிதிப்படி கடைத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ தாங்குற மாதிரி வடிவமைக்கணும். ஆஸ்பத்திரி வார்டுக்கு அதுல பாதி, 200 கிலோ போதும். ஆபரேஷன் தியேட்டருக்கு 300. எம்ஆர்ஐ மாதிரி டன் கணக்கில் ஒரே இடத்தில் உக்காருற மெஷின் மட்டும் தரைத்தளத்துக்குப் போகணும்.

சிக்கல் ஆரம்பிக்கிறது தண்ணிக்குழாய்ல. கடையில் ஒரு மாடிக்கு ஒரு மூலையில் கழிவறை. ஆஸ்பத்திரியில் ரூமுக்கு ஒண்ணு, அதுபோக கை கழுவ எல்லா இடத்திலும் வாஷ்பேசின். ஒவ்வொண்ணுக்கும் தளத்தில் ஓட்டை போடணும். கம்பி எங்க ஓடுதுன்னு தெரியாம ஓட்டை போட்டா கட்டடத்தோட எலும்பையே அறுக்கிற மாதிரி.

அடுத்தது காத்து. கடை ஏசி என்ன பண்ணும்? இருக்கிற காத்தையே திருப்பித் திருப்பிக் குளிர வைக்கும். ஆபரேஷன் தியேட்டர்ல அது ஆகாது. மணிக்கு குறைஞ்சது 20 தடவை காத்து மாறணும், ஃபில்டர் வழியா வரணும், தியேட்டருக்குள்ள அழுத்தம் வெளியைவிட அதிகமா இருக்கணும், அப்பதான் வராண்டா கிருமி உள்ள நுழையாது. தொற்று வார்டுல அப்படியே உல்டா. இதுக்கெல்லாம் ஃபால்ஸ் சீலிங் மேல பெரிய டக்ட் போகணும். கடைக் கட்டடத்தோட மாடி உயரம் அதுக்குப் போதலைன்னா, இடிக்காம அதைச் சரி பண்ண வழியே கிடையாது.

எக்ஸ்ரே ரூமுக்கு 9 இஞ்ச் செங்கல் சுவரோ, அதுக்குச் சமமான ஈயத் தகடோ வேணும். கண்ணாடித் தடுப்பு வெச்சு "ஸ்கேன் சென்டர்"னு போர்டு மாட்டிட முடியாது.

அப்புறம் லிஃப்ட். எட்டு பேர் நிக்கிற கடை லிஃப்ட்ல ஒரு ஸ்ட்ரெச்சர் நுழையாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு 2 மீட்டர் அகலம் கேக்குது, வராண்டாவுக்கு 2.4 மீட்டர். ரெண்டு ஸ்ட்ரெச்சர் எதிரெதிரே வந்தா இடிக்காம போகணும், அதுக்குத்தான்.

உள்ள இருக்கிற ஆள் மாறிட்டார்

இங்கதான் என் வேலை அறிவு உதவுச்சு. எங்க பாஷையில் சொன்னா, யூசர் மாறிட்டார். கடைக்கு வர்றவங்க நடந்து வர்றவங்க. "தீ!"ன்னு ஒரு சத்தம் கேட்டா மூணு நிமிஷத்துல படி இறங்கிடுவாங்க. ஐசியுல இருக்கிறவரால முடியாது. மூச்சே மெஷின்ல ஓடுது. அதனால ஆஸ்பத்திரியில் "எல்லாரும் கீழ இறங்குங்க"ன்னு திட்டம் போட முடியாது. அதே மாடியில், தீத்தடுப்புச் சுவரும் கதவும் உள்ள அடுத்த பகுதிக்குக் கட்டிலோட தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கணும். புகை அங்க வரக்கூடாது.

இப்போ ஒரு பட்டுப்புடவைக் கடையை மனசுல கொண்டு வாங்க. வாசல்ல நின்னா மொத்த மாடியும் கண்ணுல படணும், அதுதான் வியாபாரம். நடுவுல மேல வரைக்கும் திறந்த இடம், அதுல விளக்கு தொங்கும், சுத்தி எஸ்கலேட்டர். முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது. கடைக்கு இதெல்லாம் அழகு. தீ பிடிச்சா அந்த நடு இடம் புகைபோக்கி ஆயிடும், திறக்காத கண்ணாடி மூடி போட்ட பானை ஆயிடும்.

இது நான் கற்பனையா சொல்றது இல்லை. மும்பை பாண்டுப்ல ட்ரீம்ஸ் மால்னு ஒரு மால். அதோட மேல்மாடியில் சன்ரைஸ் மருத்துவமனை இயங்குச்சு. கோவிட் நெருக்கடியில் தற்காலிக அனுமதி கொடுத்திருந்தாங்க. 2021 மார்ச் 25 நள்ளிரவு, கீழ மால்ல பிடிச்ச தீயோட புகை மேல ஏறுச்சு. உள்ள 70-க்கும் மேற்பட்ட நோயாளிகள். குறைஞ்சது 9 பேர் இறந்தாங்க. மாலுக்குள்ள ஒரு மருத்துவமனையை இப்பதான் முதல் தடவையா பார்க்கிறேன்னு அந்த ஊர் மேயரே சொன்னாங்க.

கொல்கத்தாவில் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனை, 2011 டிசம்பர் 9. கார் நிறுத்தத்துக்குன்னு அனுமதி வாங்கின அடித்தளத்தை ஸ்டோர் ரூம் ஆக்கியிருந்தாங்க. அங்க பிடிச்ச தீயில் சுமார் 90 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் புகையில மூச்சுத் திணறி. தீயணைப்பு வீரர்கள் முகப்புக் கண்ணாடியை உடைச்சு ஆட்களை வெளிய எடுக்க வேண்டியிருந்தது. அங்க மொத்தக் கட்டடத்தையும் மாத்தலை, ஒரு தளத்தோட பயன்பாட்டை மட்டும்தான் மாத்தினாங்க. அதுவே போதுமா இருந்தது.

நம்ம பக்கமும் நடந்துச்சு. 2024 டிசம்பர் 12, திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு சிகிச்சை மருத்துவமனையில் தீ. குறைஞ்சது 6 பேர் இறந்தாங்க, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களும் அதுல உண்டு.

அப்போ வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லிட முடியாது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ்னு ஒரு மால், வியாபாரம் படுத்துப் போச்சு. 2009-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் அதோட மேல்தளத்தை எடுத்துக்கிச்சு. கீழ கடைகளும் நடந்துச்சு. பாண்டுப் மாதிரியேதானே இருக்கு? ஒரு பெரிய வித்தியாசம். அங்க வெச்சது புறநோயாளி கிளினிக்குகள். நடந்து வர்றாங்க, நடந்து போறாங்க. ராத்திரி யாரும் படுத்திருக்கலை. ஒரு விதத்துல பார்த்தா, கட்டடத்தோட யூசர் மாறவே இல்லை.

என் முடிவு இதுதான். எந்தக் கட்டடத்தை மாத்துறோம்ங்கிறதைவிட, அதுல யாரைப் படுக்க வைக்கிறோம்ங்கிறது முக்கியம். ஒரு ஜவுளிக் கடை நல்ல கண் கிளினிக் ஆகலாம், லேப் ஆகலாம், பிசியோதெரபி சென்டர் ஆகலாம். குழித்தறியில் நாள் முழுக்க உக்காந்து முதுகும் முட்டியும் போன நெசவாளர் அண்ணன்களுக்கு, ஜரிகை பார்த்துப் பார்த்துக் கண் மங்கின அக்காக்களுக்கு, ஓரிக்கையில் உடனே தேவைப்படுறதும் அதுதான். அதே கட்டடத்தோட மூணாவது மாடியில் ஐசியு வைக்கணும்னா, மொத்தக் கட்டடமும் மாறணும். நடு இடத்தை அடைக்கணும், ரெண்டு படிக்கட்டு வேணும், மாடியைப் பிரிச்சுத் தீக்கதவு போடணும், கீழ துணிக்கடை இருக்கக் கூடாது. ஓமந்தூரார்ல மாத்தினது ஒரு மாடியை இல்லை, முழுக் கட்டடத்தை. இவ்வளவும் செலவு பண்ண மனசில்லைன்னா, கிளினிக்கோட நிறுத்திக்கணும்.

சட்டம் இல்லாம இல்லை. பயன்பாட்டை மாத்தினா 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி மறுபடி திட்ட அனுமதி வாங்கணும். மருத்துவமனைகளைப் பதிவு செய்ய 1997-லயே சட்டம் போட்டாங்க, அதுக்கான விதிகள் வந்தது 2018-ல். தீயணைப்புத் துறைச் சான்று தனி. ஆனா அதிகாரி பரிசோதிக்க வர்றது எப்பவாவது. நாம சொந்தக்காரங்களைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறது மாசா மாசம்.

அதனால அடுத்த தடவை போகும்போது நாலு விஷயம் மட்டும் பாருங்க. ரெண்டாவது படிக்கட்டு எங்க இருக்கு, அதோட கதவு பூட்டியிருக்கா? அந்தப் படியில் பழைய கட்டிலும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருக்காங்களா? லிஃப்ட்ல ஒரு கட்டில் நுழையுமா? அடித்தளத்தில் வண்டி நிக்குதா, இல்லை மருந்துக் கிடங்கா? பதில் சரியில்லைன்னா ரிசப்ஷன்ல கேளுங்க. "எதுக்கு சார் கேக்குறீங்க?"ன்னு முறைப்பாங்க. "எங்க அம்மா மூணாவது மாடியில இருக்காங்க"ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

உங்க ஊர்ல மண்டபமோ, தியேட்டரோ, கடையோ ஆஸ்பத்திரியா மாறியிருந்தா, நல்லா மாறியிருந்தாலும் சரி, மோசமா மாறியிருந்தாலும் சரி, வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா மாத்தினவங்க கதை கிடைச்சா அதையே தனி எபிசோடா பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.