தண்ணீர்ப்பந்தலும் பிள்ளைகள் நலமும்



தைப்பூசத்தன்று தண்ணீர்மலை செல்லும் வழியில் நம்மவர் பந்தல் அமைத்துத் தாகம் தீர்ப்பது பெரும் புண்ணியம். ஆனால், பிள்ளைகள் கையில் நாம் தருவது தண்ணீரா, சீனித் தண்ணீரா?

மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கூறியது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள குளிர்பானங்களுக்கு அரசாங்கம் வரி விதித்தது. நம் வீட்டில் கலக்கும் சீனிக்கோ வரியில்லை. அங்கே காவல் பெற்றோரே.

பெற்றோர் பருகுவதையே பிள்ளையும் பருகும். தினமும் ஒரு வேளையாவது குடும்பமாக அமர்ந்து உண்ணுங்கள். கைப்பேசியை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். பந்தல் அமைக்கும் அன்பர்கள் குளிர்ந்த நீரும் மோரும் தாராளமாக வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.