மெட்டுக்குப் பிறந்த பாட்டு



பாட்டை எழுதிய பின்னரே மெட்டு அமைப்பது வழக்கமென்று பலர் எண்ணுவர். ஸ்கொத்லாந்தின் நாட்டுப்பாடல் மரபிலோ மெட்டு மூத்தது; அதன்மேற் சொல் பிறப்பது பெருவழக்கு.

அம்மரபிற் பாட்டியற்றியோருள் தலைசிறந்தவர் உழவர் குடியிற் பிறந்த றொபேட் பேர்ண்ஸ் (1759–1796). ஒரு மெட்டைத் தாமே பாடி உளங்கொள்ளாமல் அவர் அதற்குச் சொல் அமைக்கத் துணிந்ததில்லை. மெட்டின் உணர்ச்சி யாதெனத் தேர்வார். முதற் சரணத்தை அமைப்பார். பின்னர் வெளியே உலாவி, மெட்டை முணுமுணுத்தவாறே எஞ்சியதை நிரப்புவார்.

அம்மெட்டுக்களுட் பல, நம் மோகனம்போல, ஐந்தே சுரங்களில் நடப்பவை. குறுஞ்சுரம் அழுத்தம் பெற நெடுஞ்சுரம் அதனைத் தொடரும் துள்ளலும் அவற்றிற் கேட்கும். ஆங்கிலப் பாட்டை விரும்பிய பதிப்பாசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்ண்ஸ் ஊர்மொழியின் எளிமைக்காக வாதாடினார்.

ஜேம்ஸ் ஜோன்சன் 1787 முதல் 1803 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 600 பாடல்கள் உள. அவற்றுள் ஏறத்தாழ 200 பேர்ண்ஸ் இயற்றியவை அல்லது திருத்தியவை. சிதைந்த பழம்பாட்டுக்களை அவர் தம் சொல்லால் நிரப்பியமையால், பழையது எது, புதியது எது எனப் பிரித்தல் அரிது.

இப்பணிக்கு அவர் கூலி விரும்பவில்லை. 1793 இல் தொம்சன் பணம் அனுப்பியபோது, மீண்டும் அனுப்பின் நட்பு முறியுமென எச்சரித்தார். 1796 யூலையில், நோயும் கடனும் நெருக்க, அவரிடமே ஐந்து பவுண் இரந்தார். ஈடாகப் பாட்டுத் தருவதாகவும் எழுதினார். பணம் வந்தது. அம்மாதம் 21ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

இயற்றியவர் பெயரை அறியாதாரும் தம் பாட்டெனப் பாடுவதே நாட்டுப்பாடலின் வெற்றி. அவ்வெற்றிக்காகத் தம் சொல்லைப் பழம்பாட்டினுள் மறைத்து வைத்தவர் பேர்ண்ஸ்.