ஆடும்வரை காத்திருக்க வேண்டாம்: முரசு நோயும் பல் சுத்தமும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கலந்துகொண்ட சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற மேடையில் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பல் இருக்கிறவர்கள்தான் வாய்விட்டுச் சிரிக்க முடியும்.

நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்து எடுத்தவர். 40 வயது ஆகும் முன்னரே அவருக்கு முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. சொத்தை இல்லை, பெரிதாக வலியும் இல்லை. ஆடிய பல்லைக் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு மலைக்குப் போவார். "வயசாகுது, விழுது" என்பார். பிறகு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அது வயதினால் வந்தது அல்ல என்று, பல் சிகிச்சை வேலைக்குப் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

படிக்கப் போன இடத்தில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. உலகத்தில் எங்கே பல் வைத்தியம் படித்தாலும், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிப் படிக்கிறார்கள். 1970ஆம் ஆண்டு, நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு நமது தோட்டங்களுக்கு வந்தது. 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் இளைஞர்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். நம்மை ஏன் தெரிவு செய்தார்கள்? பல் வைத்தியமே கிடைக்காத, பல் துலக்கும் பழக்கமும் இல்லாத மக்களுக்கு முரசு நோய் எப்படி வளர்கிறது என்று பார்க்கத்தான்.

அவர்கள் கண்டது இது. சொத்தைப் பல் அநேகமாக ஒருவருக்கும் இல்லை. ஆனால் எல்லோருடைய முரசும் வீங்கியிருந்தது. 100 பேரில் 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. அவர்கள் 45 வயதுக்குள் எல்லாப் பல்லையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள். 81 பேருக்கு மெதுவாக வளர்ந்தது. 11 பேருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

"எங்க தாத்தா பிரஷ்ஷே பிடிக்கல, 80 வயசிலயும் கரும்பு கடிச்சார்" என்று யாராவது சொன்னால், அது பொய் இல்லை. தாத்தா அந்த 11 பேரில் ஒருவர். ஆனால் நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நமது உறவினர்களின் வாயைப் பார்த்து உலகம் பாடம் படித்தது. அந்தப் பாடம் நமது லயத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் நான் நிற்கிறேன்.

முரசு நோய் எப்படி வருகிறது?

ஈறு என்றும் முரசு என்றும் சொல்கிறோமே, அது பல்லைச் சுற்றியுள்ள சதை. சாப்பிட்ட பின் பல்லில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். நாக்கால் தடவினால் தெரியும். அதில் கிருமிகள் குடியிருக்கின்றன. அன்றன்றைக்கு பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். விட்டுவிட்டால், எச்சிலில் உள்ள உப்புகள் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அதுதான் காரை. தேத்தண்ணி கொதிக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல.

காரையின் மேல் இன்னும் கிருமி சேரும். முரசு சிவக்கும், வீங்கும், துலக்கும்போது இரத்தம் வரும். வாய் நாறும். இது முதற்கட்டம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் முரசு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

விட்டுவிட்டால், முரசு பல்லை விட்டுக் கழன்று இடையில் பை போலாகும். அந்தப் பைக்குள்ளும் காரை இறங்கும். உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மண் அரித்துப் போனால் தேயிலைச் செடியின் வேர் வெளியே தெரியும் அல்லவா? அதே கதைதான். பல் நீளமாகத் தெரியும், பிறகு ஆடும், பிறகு விழும். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் நாம் போவதில்லை. போகிற நாளில் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்.

பல் சுத்தம் என்றால் என்ன?

இறுகிய காரையை பிரஷ்ஷோ, உப்போ, கரியோ எடுக்காது. பல் வைத்தியர்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஸ்கேலிங் என்று பெயர். மெல்ல அதிரும் சிறு கருவியால், தண்ணீர் பீச்சிக்கொண்டே காரையை உடைத்து எடுப்பார்கள். முரசுக்குக் கீழே ஆழமாக இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, வேரையும் சுத்தம் செய்வார்கள். அதற்கு இரண்டு மூன்று முறை போக வேண்டி வரலாம்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. காரைதான் சிமெந்து போல இறுக்கிப் பிடித்து அதை மறைத்தது. இடைவெளி புதிதாக வந்ததும் அல்ல, காரை அடைத்திருந்த இடம் அது. சில நாட்களுக்குப் பல் கூசும், கொஞ்சம் இரத்தம் வரும். பிறகு முரசு இறுகும். பயந்து பாதியில் விடாதீர்கள்.

ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதாது. ஆறு மாதமா, ஒரு வருடமா என்று வைத்தியர் உங்கள் வாயைப் பார்த்துச் சொல்வார். சீனி வருத்தம், இருதய வருத்தம் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடித்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு ஆபத்து கூட?

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் வேகமாக வளரும். முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம். ஒன்றுக்கு ஒன்று தூபம் போடும். கர்ப்பிணித் தாய்மாருக்கு முரசு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது" என்பது தவறு. அந்தக் காலத்தில் சுத்தம் செய்யலாம். கிளினிக்கில் மிட்வைஃப் பல் பரிசோதனைக்கு அனுப்பினால் கட்டாயம் போங்கள்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிருக்கும் களைப்புக்கும் போடுகிறோம், எனக்குத் தெரியும். ஆனால் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. பீடி, சுருட்டு, சிகரெட் குடிப்பவர்களுக்கு முரசில் இரத்தம் குறைவாகத்தான் வரும். அதனால் நோய் மறைந்தே வளரும். வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

காலையில் ஒரு தரம், இரவு படுக்கப் போகும் முன் ஒரு தரம், மென்மையான பிரஷ்ஷும் புளோரைட் உள்ள பற்பசையும் கொண்டு துலக்குங்கள். இரவுத் துலக்கலை விடவே கூடாது. பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் இரண்டு நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். செங்கல் தூளும் கரியும் பல்லைத் தேய்த்துக் கரைக்கும், வேண்டாம். ஆளுக்கு ஒரு பிரஷ். இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். அது "இன்னும் நன்றாகச் சுத்தம் செய்" என்று முரசு சொல்கிற சேதி. இரண்டு கிழமையில் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

பல் கிளினிக் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் நமக்குச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. டவுனுக்கு பஸ் காசு, வரிசையில் நிற்கிற நேரம், அன்றைக்குப் போகிற பேர். வலி வந்தால்தான் ஒரு நாள் பேரை இழக்க மனம் வருகிறது. வலி வரும்போது பல் போய்விடுகிறது.

அதனால் மூன்று கோரிக்கைகளை கமிட்டிகள் முன் வைக்கிறேன். கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பேர் போட வேண்டும். நடமாடும் பல் கிளினிக் தோட்டத்துக்கே வர, சுகாதார அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பிள்ளை மடுவத்தில் பிள்ளைகள் சாப்பிட்ட பின் பல் துலக்க, குழாயும் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் இல்லாத லயத்தில் "இரண்டு தரம் துலக்கு" என்று சொல்வது நியாயம் இல்லை.

கடைசியாக ஒன்று. 2010ஆம் ஆண்டு அதே ஆராய்ச்சிக்காரர்களின் வழிவந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த 480 பேரில் 75 பேரை மட்டும் பரிசோதித்தார்கள். காரையை எடுப்பதும், பல்லைச் சுத்தமாக வைப்பதும், முரசு வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதும்தான் பல்லைக் காப்பாற்றும் என்று 2017இல் எழுதினார்கள். 40 வருடம் நமது ஆட்களின் வாயில் பார்த்து எழுதிய முடிவு அது. என் அம்மாவுக்கு அது பயன்படவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் 20 வயதுப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் முதலில் தாமே ஒருமுறை பல் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள். பிறகு தோட்டத்தைக் கூப்பிடுங்கள்.