பாலைவனத்துத் தொழிலாளி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இப்படி மேடையேறிப் பரிசு வாங்கியவன்தான். ஆனால் தப்பான பேச்சுக்குப் பரிசு வாங்கியவன்!

1971ஆம் ஆண்டு. இந்த மெர்லிமாவ் வட்டாரத்திலே ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். பேச்சுப் போட்டி வைத்தார்கள். எனக்கு விழுந்த தலைப்பு ஒட்டகம். "ஒட்டகத்தின் முதுகிலே இறைவன் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டி அனுப்பியிருக்கிறான்" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். ஒரே கைதட்டல். முதற்பரிசாக ஒரு தகரப் பென்சில் பெட்டி. என் அப்பா பால்மரம் சீவுகிறவர். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெட்டியை லயம் முழுக்க ஒவ்வொரு வாசலாகக் காட்டிவிட்டு வந்தார்.

பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் கிடையாது. ஒரு சொட்டுக்கூடக் கிடையாது! அதில் இருப்பது கொழுப்பு. நல்ல தீனி கிடைக்கும் காலத்தில் திமில் பெருக்கும். 35 கிலோ வரைகூடக் கொழுப்புச் சேரும். தீனி கிடைக்காத காலத்தில் அந்தக் கொழுப்பை எடுத்து உடம்பு செலவழிக்கும். அப்போது திமில் சுருங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நம்ம ஊர்ப் பேச்சிலே சொன்னால், அது தண்ணீர்த் தொட்டி அல்ல, இ.பி.எஃப். கணக்கு!

அப்படியானால் தண்ணீர் இல்லாமல் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இதைக் கண்டுபிடிக்க நார்வே நாட்டில் பிறந்த விஞ்ஞானி கனுட் ஷ்மிட்-நீல்சன் என்பவர் 1953, 1954ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்துக்கே போய்த் தங்கி ஆராய்ந்தார். ஒட்டகம் தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை, வீணாக்குவதில்லை என்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த விடை.

நம் உடம்பின் சூடு 37 பாகை. வெயில் ஏறினால் அதைத் தணிக்க உடனே வியர்வை கொட்டும். காலை பத்து மணிக்கே சட்டையைப் பிழிகிற நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாகத்தோடு இருக்கும் ஒட்டகமோ சட்டென்று வியர்க்காது. விடியற்காலையில் அதன் உடம்புச் சூடு 34 பாகை. பகலில் 41 வரை ஏற விட்டுவிடும். நமக்கு 41 என்றால் ஆஸ்பத்திரிதான்! இரவின் குளிரில் அந்தச் சூட்டை இறக்கிக்கொள்ளும். அந்த அளவுக்குத் தண்ணீர் மிச்சம். மூக்கின் உட்புறம், வெளியே போகும் மூச்சில் உள்ள ஈரத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதுகு மயிர் வெயிலைத் தடுக்கும் கூரை. மயிரைக் கத்தரித்துவிட்டுப் பார்த்தபோது, அந்த ஒட்டகத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தண்ணீர் செலவாயிற்று.

அதற்கும் மேலே வறட்சி போனால், உடம்பு எடையில் கால் பங்கு நீரை இழந்தும் ஒட்டகம் நடமாடும். மனிதன் அதில் பாதி இழந்தாலே உயிருக்கு ஆபத்து. பிறகு தண்ணீரைக் கண்டால் குடிக்கிற குடி இருக்கிறதே, பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர்! அந்தக் காலத்தில் லயத்துக்கு நாம் தண்ணீர் தூக்கிய மண்ணெண்ணெய் டின்னில் ஐந்தரை டின். அவ்வளவு நீர் திடீரென்று இரத்தத்தில் கலந்தால் வேறு பிராணிகளின் சிவப்பணுக்கள் வெடித்துப் போகும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் முட்டை வடிவம் கொண்டவை. இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் உடையாது.

இது நமக்குப் புதிய பிராணியும் அல்ல. ஒட்டகத்தின் குட்டியைக் கன்று என்று சொல்லலாம் எனத் தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கிறது. உலகத்து ஒட்டகங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த ஒற்றைத் திமில் ஜாதிதான். இந்தியாவில் அதன் வீடு ராஜஸ்தானின் தார்ப் பாலைவனம். நவராத்திரிக்கு நாம் கும்பிடுகிற வன்னி மரம் அங்கே காட்டு மரம். அதன் இலையை முள்ளோடு சேர்த்து ஒட்டகம் மெல்லும். அங்கே ரைக்கா என்று ஒரு சமூகம். பார்வதி தேவி விளையாட்டாகச் செய்த ஒட்டகத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் சிவபெருமான் முதல் ரைக்காவைப் படைத்தார் என்பது அவர்கள் சொல்லும் கதை. ஏர் உழுதது, கிணற்று நீர் இறைத்தது, வண்டி இழுத்தது, பட்டாளத்தில் சேவகம் செய்தது எல்லாம் அந்த ஒட்டகம்.

பெரியவர்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! இனி நான் சொல்லப் போவது உங்களுக்குத்தான். இந்தத் தொழிலாளியும் நம்மைப் போலக் கப்பல் ஏறியவன்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும் வறண்ட பூமி. குதிரையும் மாடும் அங்கே தாங்கவில்லை. ஆகவே 1860ல் இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்களை மெல்பர்ன் நகரில் இறக்கினார்கள். 1866ல் கராச்சியிலிருந்து போர்ட் அகஸ்டாவுக்கு 100க்கு மேற்பட்ட ஒட்டகங்களும் 31 ஒட்டகக்காரர்களும் போனார்கள். பிறகு அறுபது ஆண்டுக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள், 2,000க்கும் மேற்பட்ட ஆட்கள். பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து, ஆப்கானிஸ்தான், ராஜஸ்தான் என்று பல ஊர்க்காரர்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே பெயர், "ஆப்கான்". யாரென்று கேட்காமல் ஒரே பெயரில் கூப்பிட்ட அனுபவம் நமக்கும் உண்டல்லவா?

பலருக்கு மூன்று வருட ஒப்பந்தம். பெண்டு பிள்ளைகளை அழைத்துப் போக வழியில்லை. 1872ல் முடிந்த தந்திக் கம்பித் தடம், கண்டத்தின் தென்கோடியையும் வடகோடியையும் இணைத்தது. அதற்கான கம்பமும் கம்பியும் சாமானும் ஒட்டக முதுகில் போயின. ஆட்டு ரோமம், மாவு, சுரங்க இயந்திரம், கடைசியில் ரயில் பாதை போடுவதற்கான சாமான்கூட ஒட்டகம்தான் சுமந்தது.

1920களில் மோட்டார் லோரி வந்தது. 1929ல் ரயில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரை எட்டியது. அந்த ரயிலுக்கு "கான்" என்று பெயர் வந்தது. ஆப்கான் என்பதன் சுருக்கம் அது என்பார்கள். பெயர் நிலைத்தது, பிழைப்பு போயிற்று! அதற்கு முன்பே, 1925ல், தென் ஆஸ்திரேலியாவில் ஒட்டக அழிப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். எல்லை தாண்டி வரும் ஒட்டகத்தைச் சுடலாம் என்றது அது. வளர்த்த பிராணியைக் கொல்ல மனம் வராத ஒட்டகக்காரர்கள் பலர் அவற்றைக் காட்டில் அவிழ்த்து விட்டார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் அங்கேயே முதுமை அடைந்து மடிந்தார்கள். அவிழ்த்து விட்ட ஒட்டகங்களோ பல லட்சமாகப் பெருகின. 2009 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,60,000 ஒட்டகங்களை அரசாங்கத் திட்டத்தின்கீழ்க் குறைத்தார்கள், பெரும்பாலும் சுட்டுத்தான்.

ராஜஸ்தானிலும் டிராக்டரும் லோரியும் வந்தன, மேய்ச்சல் நிலம் குறைந்தது. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த ஒட்டகம் 4 லட்சம். 2019ல் இரண்டரை லட்சம். 2014ல் அதை மாநில விலங்கு என்று அறிவித்தும் இறக்கம் நிற்கவில்லை. இப்போது ஒட்டகப் பாலை விற்றுப் பிழைக்க வழி தேடுகிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் அப்பா முகம்தான் கண்முன் நின்றது. 1978ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் படிவம். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பட்டை காயம் படாமல் சீவுவதில் அப்பா கெட்டிக்காரர், அந்தக் கைக்கு மரியாதை இருந்தது. மரம் சாய்ந்த அன்றைக்கு அந்த மரியாதையும் சாய்ந்தது. உர மூட்டை தூக்கப் போனார். சம்பளம் குறைந்தது. "நானும் வேலைக்கு வரேம்பா" என்றேன். "என் முதுகு போதும்டா. நீ பரீட்சை எழுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சேமநிதியை அந்த வயதில் தொட முடியாது. அம்மா சிறுகச் சிறுகப் போட்டு வைத்திருந்த சீட்டுப் பணம்தான் அந்த வருடம் எங்களுக்குத் திமிலாக இருந்தது.

பெற்றோர்களே, சுமப்பதற்கு மட்டும் ஒருவனை வைத்திருந்தால், சுமக்க வேறொன்று வந்த நாளில் அவனை அவிழ்த்து விடுவார்கள். நம் பிள்ளைக்கு முதுகு பலம் மட்டும் சொத்தாக இருக்கக் கூடாது. ஆறாம் வகுப்போடு பள்ளி முடியவில்லை. புகுமுக வகுப்பில் மொழி மாறும்போதுதான் பல பிள்ளைகள் திணறி நின்று போகிறார்கள். அந்த ஒரு வருடம் பக்கத்தில் உட்காருங்கள். பாடம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை படிக்கும்வரை தொலைக்காட்சியை அடைத்து வையுங்கள். கிடைக்கிற காசிலும் நேரத்திலும் வீணாகிற சொட்டைப் பிடித்து வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கியதனால் நீங்கள் சொன்னது சரியென்று ஆகிவிடாது. எனக்குப் பரிசு கொடுத்த 1971ல், திமிலில் தண்ணீர் இல்லை என்பது உலகத்துக்குத் தெரிந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எங்கள் லயத்துக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. "டீச்சர், இது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கேட்கிற பிள்ளையை எந்த நல்ல ஆசிரியரும் வெறுக்க மாட்டார்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, "அப்பா, திமில்ல தண்ணி இல்லையாம், கொழுப்பாம். நான் தப்பாப் பேசித்தான் பரிசு வாங்கியிருக்கேன்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ கை தட்டின எங்களுக்கும் தெரியலையே! சரி விடு. நாளைக்கு உன்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்குச் சரியாச் சொல்லிக் குடு" என்றார்.

அப்பா இன்று இல்லை. பென்சில் பெட்டியும் துருப்பிடித்துப் போயிற்று, திருப்பிக் கொடுக்க வழியில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன். பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பெறாத பிள்ளைகளுக்கும் அதே வாழ்த்து.