கூடிப் பயின்ற நூல்



கணினிக்கு நிரல் எழுதுவோர் தனித்திருந்து உழைப்பவர் என்பது பொதுவான எண்ணம். அவர்கள் கூடிப் பயின்ற நூலொன்றின் வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ், 1976ஆம் ஆண்டில் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் ஆறாம் பதிப்பை மாணவர் பயிலும்பொருட்டு இரு தொகுதிகளாக அமைத்தார். ஒன்று ஏறக்குறைய 9,000 வரிகள் கொண்ட மூலநிரல். மற்றது அதன் உரை. பண்டைய இலக்கியங்களுக்கு நம் உரையாசிரியர் ஆற்றிய பணியை அவர் புதிய கலைக்கு ஆற்றினார் எனலாம்.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பிற் கற்பித்தலைத் தடுத்தது. ஆயினும் ஆர்வலர் லயன்ஸின் நூலைப் படியெடுத்துக் கைமாற்றிப் பயின்றனர். 1996இலேயே அது முறைப்படி நூலாக வெளிவந்தது.

இன்று வாசிப்பு வட்டம் தொடங்குவோர்க்கு ஐந்தாறு பேரே போதும். வாரம் ஓர் அதிகாரத்தை முறைவைத்து விளக்குதல் வேண்டும். கற்றதைக் கணினியில் இயக்கிப் பார்த்தலும் வேண்டும். மூத்தவரும் தமக்கு விளங்காததை நாணாது வினவுதல் அதனினும் முக்கியம்.

ஒருவருக்கு மாத்திரம் விளங்கிய நிரல், அவர் விலகும் நாளில் பிறர்க்குப் புதிராகிவிடும். பலர் கூடிக் கற்றது நிலைத்து நிற்கும்.